நாணயம் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம்.

மாதம் ஒரு கூட்டம் என்பது நமது ஏற்பாடு. ஜூன், ஜூலை மழையில் ஹட்டன் பக்கமிருந்து யாரும் வர முடியாமல் இரண்டு தவறிப்போயின. மற்றவை நடந்தன. வருகை பற்றிப் பேசி யார் மனதையும் நோகடிக்க விரும்பவில்லை.

இவ்வருடம் புதிதாக வந்தவர்களில் பெரும்பாலானோர் கேட்ட முதல் கேள்வி, "இது எத்தனை லட்சம் போகும்?" என்பதுதான். கைபேசியில் ஏதாவது வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். மார்ச் மாதம் ஓர் அக்கா, கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு வந்தவர், முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து மேசையில் வைத்தார். சுற்றுலாப் பயணிகள் வரும் எல்ல ஊரில் வேலை செய்யும் மகனுக்கு ஒரு வெள்ளைக்காரர் கொடுத்ததாம். சீன ராஜா காலத்துக் காசு என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

பித்தளை, நடுவில் ஓட்டை. ஒரு பக்கம் தலைசாய்ந்த நெற்கதிர், ஓட்டையைச் சுற்றிப் பற்சக்கரம், கீழே தண்ணீரைக் காட்டும் கோடுகள். ஜப்பானின் ஐந்து யென். அந்நாட்டில் புழங்கும் காசுகளில் இது ஒன்றில்தான் நமக்குத் தெரிந்த இலக்கமே கிடையாது. குழப்பம் வராமல் என்ன செய்யும்! மறுபக்கத்தில் வருடம் இருந்தது. ஐந்துக்கான எழுத்து, கூட்டல் குறி மாதிரி ஒரு பத்து, மூன்று கோட்டில் ஒரு மூன்று. ஷோவா 53, அதாவது ஷோவா என்ற பேரரசர் ஆட்சிக்காலத்தின் 53ஆம் வருடம். அதோடு 1925ஐக் கூட்டினால் 1978. அக்காவின் முகம் வாடிவிட்டது. அப்புறம், "நான் பொறந்த வருஷம் தம்பி" என்று சிரித்துவிட்டு, காசைத் திரும்பவும் முந்தானையில் முடிந்துகொண்டார். உறுப்பினர் பத்திரத்தையும் நிரப்பிக் கொடுத்தார்.

நம் தோட்டத்து லயங்களில் வெளிநாட்டுக் காசு கிடக்கும் இடம் பால்மா டின்தான். சவூதி, குவைத் என்று வீட்டு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த சில்லறை. நோட்டை மாற்றித் தரும் வங்கிகள் சில்லறையைத் தொடுவதில்லை. பாய்க்கப்பல் என்றால் குவைத், பேரீச்ச மரத்தடியில் இரண்டு வாள் என்றால் சவூதி. அரபு இலக்கத்தில் சின்ன வட்டம் ஐந்து, வெறும் புள்ளி பூச்சியம், நம் 7 போல் இருப்பது ஆறு. சவூதிக் காசில் 1408 என்று இருந்தால் அது ஹிஜ்ரி எனும் இஸ்லாமிய ஆண்டு. நம் கணக்குக்கு 1987-88. காசில் ஹெல்வெட்டியா என்றிருந்தால் சுவிஸ், சுவோமி என்றிருந்தால் பின்லாந்து என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு இப்போது மனப்பாடம். பெரியவர்களுக்கு இன்னும் இல்லை.

ஒரு மனவருத்தம். காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவராதீர்கள். பழைய வெண்கலத்தின் பழுப்பு போனால் போனதுதான். மலிவான பீவீசீ பிளாஸ்டிக் உறைகளும் வேண்டாம். இந்த ஈரத்தில் அவை கசிந்து காசில் பச்சைப் பிசின் பிடிக்கிறது. என்னுடைய சதுர ஐந்து சதங்கள் ஆறு அப்படித்தான் வீணாகின. கடதாசி உறையில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அதற்கு முன் ஒன்று: பிரிட்டிஷ் பென்னி 1992இல் வெண்கலத்திலிருந்து செம்பு பூசிய உருக்குக்கு மாறியதைச் சோதித்துக் காட்டிய அன்று, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய சங்கத்துக் காந்தம் யாருடைய சட்டைப்பையிலோ போய்விட்டது. எடுத்தவர் பேசாமல் மேசையில் வைத்துவிடலாம். பெயர் கேட்கமாட்டேன்.

செயலாளர்