அம்புலிமாமாவுக்கு ஓர் இடம்: பொது நூலக இயக்குநர் அவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். வடபழனியில் குடியிருக்கும் நூலக உறுப்பினர் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம் அல்லவா, அந்த உரிமையும் உண்டு. என் கோரிக்கை ஒன்றுதான். அம்புலிமாமா என்ற சிறுவர் பத்திரிகையின் தமிழ் இதழ்களை, 1947 ஜூலை முதல் இதழில் தொடங்கிக் கடைசி இதழ் வரை, ஒன்றுவிடாமல் திரட்டி ஓரிடத்தில் வையுங்கள். அந்தத் தொகுப்புக்கு, அதை நடத்திய பி. நாகிரெட்டியின் பெயரை வையுங்கள். கன்னிமாராவா, அண்ணா நூற்றாண்டு நூலகமா என்பது உங்கள் முடிவு.

நாகிரெட்டி என்றதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு விஜயா வாகினி ஸ்டுடியோ நினைவுக்கு வரும். ‘மாயா பஜார்’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’ என்று படங்களை அடுக்குவார்கள். அடுத்த தலைமுறைக்கு அவர் 1972-இல் தொடங்கிய விஜயா மருத்துவமனை. படங்கள் இன்றும் டிவியில் ஓடுகின்றன. மருத்துவமனை ஆற்காடு சாலையில் நிற்கிறது. ஸ்டுடியோ இருந்த நிலத்தில் மால் வந்துவிட்டாலும் அதன் பெயரிலும் விஜயா இருக்கிறது. சினிமாவுக்காக 1986-ஆம் ஆண்டின் தாதாசாகேப் பால்கே விருதும் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் குறையொன்றும் இல்லை. அவர் நடத்திய பத்திரிகைக்குத்தான் இந்த ஊரில் இன்று ஓர் அடையாளமும் இல்லை. எனக்கோ, அவர் செய்ததில் அதிகம் பேருடைய வாழ்க்கைக்குள் புகுந்தது அந்தப் பத்திரிகைதான் என்று தோன்றுகிறது.

கடப்பை மாவட்டத்தில் 1912-இல் பிறந்து சென்னைக்கு வந்தவர். நாடு விடுதலை அடைவதற்கு ஒரு மாதம் முன்பு, நண்பர் சக்ரபாணியோடு சேர்ந்து தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் ஒரே சமயத்தில் கொண்டுவந்தார். பிறகு கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம், குஜராத்தி, ஆங்கிலம் என்று வளர்ந்து ஒரு டஜன் மொழிகளுக்கு மேல் போயிற்று. சிங்களத்தில்கூட வந்தது. இத்தனையும் வடபழனியில் தயாரான இதழ்கள். தெலுங்கில் 1952 முதல் 1980-இல் மறையும்வரை கொடவட்டிகண்டி குடும்பராவ் கதைகளைச் செப்பனிட, அவை மற்ற மொழிகளுக்குப் போகும். எந்த மொழியில் எடுத்தாலும் அதே ஓவியம். எழுத்து மட்டும் மாறும். கதை எழுதியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. தமிழில் அந்த எளிய, தெளிந்த நடையை மாதாமாதம் எழுதிக் கொடுத்தவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கே வேலை பார்த்தவர்களையோ அவர்கள் குடும்பத்தாரையோ தேடிப் பிடித்துப் பேச்சைப் பதிவு செய்வதும் இந்தத் தொகுப்பின் பகுதியாக இருக்க வேண்டும். தள்ளிப்போட முடியாத வேலை இது. விக்கிரமனையும் வேதாளத்தையும் நம் கண்ணுக்குள் வரைந்த சங்கர் 2020-இல், தொண்ணூறு வயதைத் தாண்டி மறைந்தார். பத்மஸ்ரீ அவருக்கு அடுத்த ஆண்டுதான் அறிவிக்கப்பட்டது.

பத்திரிகை முதலாளி என்றால் விளம்பரம், விற்பனை என்ற கணக்கு மட்டும் பார்ப்பவர் என்ற எண்ணம் நமக்கு உண்டு. நாகிரெட்டிக்கும் கணக்கு தெரியும். தெரியாமல் இத்தனை மொழிகளை நடத்தியிருக்க முடியாது. ஆனால் எழுபதுகளின் இதழ் ஒன்றை எடுத்து, அச்சிட்டவர், வெளியிடுபவர் விவரம் உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள். சந்தமாமா சில்ட்ரன்ஸ் டிரஸ்ட் ஃபண்ட் சார்பில் வெளியிடுவதாக இருக்கும். குழந்தைகள் பெயரில் ஒரு அறக்கட்டளை வைத்து அதன் வழியாக இதழைக் கொண்டுவந்திருக்கிறார்கள். எண்பதுகளில் தமிழ் உட்படச் சில மொழிகளில் பிரெயில் பதிப்பும் வந்தது. பார்வையற்ற குழந்தையும் வேதாளம் கதை படிக்கட்டும் என்று நினைத்த மனிதர் அவர். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. அந்தப் பழைய பிரெயில் இதழ்களில் ஒன்றிரண்டாவது கிடைத்தால் இருக்க வேண்டிய இடம் அது.

இப்போது அவசரம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 1998-இல் இதழ் நின்று, அடுத்த ஆண்டு மீண்டும் வந்தது. 2007-இல் மும்பை நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது. சில ஆண்டுகளில் அங்கேயும் நின்றுபோனது. இனி புதிதாக அச்சடித்து வரப்போவதாகத் தெரியவில்லை. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு. திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடையில் வாங்கிய இதழ் ஒன்று என் மேசையில் இருக்கிறது. தாள்களைத் தைத்த கம்பிப் பின் துருப்பிடித்து நடுத்தாளைத் தின்றிருக்கிறது. ஓரங்கள் பழுப்பேறி, விரல் பட்டால் உதிர்கின்றன. ஆனால் ஓவியத்தின் சிவப்பும் மஞ்சளும் மங்கவில்லை. இரண்டு போட்டோக்களுக்குப் பொருத்தமான வாசகம் எழுதும் போட்டிப் பக்கத்தில் ஒரு குழந்தை பென்சிலால் தன் பதிலை எழுதிப் பார்த்திருக்கிறது.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு விடை உங்கள் துறைக்குள்ளேயே இருக்கிறது. நூல்களை ஒப்படைக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாராவுக்கு ஒரு பிரதி வந்தாக வேண்டும். பிறகு செய்த திருத்தத்தில் பத்திரிகைகளும் அதில் சேர்ந்தன. ஆகவே முதலில் அங்கே எந்தெந்த மாத இதழ் இருக்கிறது, எது இல்லை என்று ஒரு பட்டியல் எடுத்து வெளியிடுங்கள். இல்லாதவற்றை மக்களிடம் கேளுங்கள். பரணில் வைத்திருப்பவர்கள் நிச்சயம் கொடுப்பார்கள். பதிப்புரிமை சிக்கல் என்று கோப்பு திரும்பி வரக்கூடும் என்பதால் இதையும் சொல்கிறேன்: லாப நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கும் படைப்பைப் பாதுகாப்புக்காக டிஜிட்டலாகச் சேமிக்கலாம் என்று 2012 திருத்தத்துக்குப் பிறகான பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுவது வேறு விஷயம். அதற்கு உரிமையாளரிடம் பேச வேண்டும். ஸ்கேன் செய்யவும் பத்திரப்படுத்தவும் தடையில்லை.

ஒரு வேண்டுகோள், கெஞ்சியே கேட்கிறேன். பைண்டிங்குக்கு அனுப்பும்போது அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஓரத்தை வெட்டிச் சமன் செய்கிற வழக்கம் இருக்கிறது. அம்புலிமாமாவில் அட்டையை எடுத்துவிட்டால் பாதி உயிர் போய்விடும். வட்டாதி பாப்பையாவின் அட்டைப்படங்கள் தனிக் கண்காட்சி வைக்கத் தகுந்தவை. பின்னட்டை விளம்பரங்களும் இருக்கட்டும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் எதற்கு ஏங்கினார்கள் என்பது அவற்றில்தான் இருக்கிறது. ஒவ்வொரு இதழையும் அமிலம் இல்லாத காகித உறையில் தனித்தனியாக வைத்தால் போதும், பைண்டிங்கே வேண்டாம்.

2027 ஜூலையில் அம்புலிமாமா தொடங்கி எண்பது ஆண்டு நிறைகிறது. அதற்குள் பட்டியல் வேலையாவது முடிய வேண்டும் என்பது என் ஆசை. அடுக்க, துடைக்க, மாதவாரியாகப் பெயர் எழுத, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன். எங்கள் தெருவிலேயே இன்னும் சிலர் வருவார்கள். என்னிடமுள்ள இதழ்களையும் கொடுத்துவிடுகிறேன். கன்னிமாராவில் எந்தப் பிரிவில், யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வடபழனி வாசகர் ஒருவர்