எட்டில் ஒருவருக்கு வரும் பாசிட்டிவ்

மேற்கு மாம்பலம், சென்னை.

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளின் ரிப்போர்ட்டில் ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:80’ என்று பார்த்ததிலிருந்து தூக்கமே போச்சு என்கிறாய். லூபஸோடு, அதுதான் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோயோடு, வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்துகிறவள் சொல்கிறேன், கேள்: அந்த ஒரு வரியை வைத்து அவளுக்கு லூபஸ் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஏ.என்.ஏ. என்பது நம் சொந்த செல்களின் உட்கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடிகளை, அதாவது எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் சோதனை. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை எண்பது மடங்கு நீர்த்து, ஆய்வகத்தில் வளர்த்த செல்கள்மேல் விட்டு, அப்போதும் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிர்கிறதா என்று பார்ப்பார்கள். ஒளிர்ந்தால் 1:80. ஒரு நோயும் இல்லாதவர்களிலேயே ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு இப்படி ஒளிரும். 2019-ல் வந்த சர்வதேச வரையறையில் 1:80 வெறும் நுழைவுச்சீட்டுதான், அதற்கு மதிப்பெண்ணே கிடையாது. மூட்டு வீக்கம், வாய்ப்புண், கன்னத்தில் சிவப்பு, சிறுநீரில் புரதம் போன்றவற்றுக்குத்தான் மதிப்பெண். அவளுக்கு இதில் எதுவாவது இருக்கிறதா என்று நீ எழுதவே இல்லையே!

இருந்தால் டி.எஸ்.டி.என்.ஏ. (நம் டி.என்.ஏ.வையே குறிவைப்பது), ஸ்மித் என்ற ஆன்டிபாடிகளைப் பார்ப்பார்கள். ஸ்மித் பலருக்கு வராது. வந்தால் கிட்டத்தட்ட லூபஸ்தான். (ஸ்மித் ஒரு நோயாளியின் பெயர். கண்டுபிடித்தவர்கள் தங்கள் பெயரை வைத்துக்கொள்ளாதது எனக்குப் பிடித்திருக்கிறது.)

என் சேதி: போன தடவை டி.எஸ்.டி.என்.ஏ. ஏறி, சி3 என்ற ரத்தப் புரதம் இறங்கியிருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. லூபஸ் கிட்னியைத் தாக்கலாம் என்பதால் இவர் அதற்குள் கூகுளைத் திறந்து டயாலிசிஸ் வரைக்கும் போய்விட்டார். டாக்டரோ பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டுக் கணுக்காலை அழுத்திப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், யூரின் கொடுக்கச் சொன்னார். புரதம் இல்லை. மாத்திரையைக் கூட்டவில்லை, அடுத்த மாதமே வரச் சொன்னார். இரண்டும் இப்படி மாறினால் நோய் கிளம்புமோ என்று உஷாராவார்களே தவிர, எண்ணுக்கு மருந்து கொடுப்பதில்லை.

எங்கள் பக்கத்து லேபில் ‘பேக்கேஜ்’ என்று ஒவ்வொரு தடவையும் ஏ.என்.ஏ.வையும் சேர்க்கப் பார்ப்பார்கள். நோய் அடங்கினாலும் அது பெரும்பாலும் பாசிட்டிவாகவே நிற்கும். திரும்பத் திரும்ப எடுத்து என்ன செய்ய? அடித்துவிடச் சொல்வேன். அப்புறம், லேபை மாற்றாதே. முறை மாறினால் டி.எஸ்.டி.என்.ஏ. எண்ணும் மாறும், பழையதோடு ஒப்பிட முடியாது.

மெட்ரோ வேலையில் தி. நகர் பக்கம் போகவே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு வா, ருமட்டாலஜி டாக்டரிடம் (மூட்டு, லூபஸ் மாதிரி நோய்களைப் பார்ப்பவர்) நானும் வருகிறேன். அதற்குள் மணப்பாறையிலேயே ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துவிடு. ரிப்போர்ட் அசலையே கொண்டு வா, அப்படியே முறுக்கும்.

அன்புடன்,
விஜி