ஸ்பெக்டர் இன்னும் முடிந்த கதை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கணினிப் பாதுகாப்புக் கட்டுரை, கணினிச் செயலிகளில் (processor) இருப்பதாக 2018 ஜனவரியில் வெளியுலகுக்குத் தெரியவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகிய பாதுகாப்புக் குறைகளை ‘புதுப்பிப்புகளால் சரிசெய்யப்பட்டுவிட்டவை’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. மறைகுறியாக்க நிரல்கள் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த வரி உறுத்தியது. மெல்ட்டவுனைப் பொறுத்தவரை அது பெருமளவு சரி; ஸ்பெக்டருக்குப் பொருந்தாது.

ஸ்பெக்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரும்வரை இன்றைய செயலி சும்மா காத்திருப்பதில்லை. ஒரு நிபந்தனைக்கு விடை தெரியும் முன்பே, இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து அடுத்த கட்டளைகளைச் செய்துவைக்கிறது. ஊகம் பிழைத்தால் முடிவுகளைக் கைவிடுகிறது. ஆனால் கேஷ் எனப்படும், அண்மையில் படித்தவற்றைச் செயலி விரைவாக எடுக்க வைத்துக்கொள்ளும் சிறு நினைவகத்தில் பதிந்த தடம் அப்படியே நின்றுவிடுகிறது. தாக்குபவர் 256 இடங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கேஷிலிருந்து முன்கூட்டியே வெளியேற்றிவிட்டு, பிழையான ஊகத்தின் போக்கில் ஒரு இரகசிய பைட்டின் மதிப்பையே (0 முதல் 255 வரையிலான ஓர் எண்) வரிசை எண்ணாகக் கொண்டு அப்பட்டியலில் ஓரிடத்தைச் செயலி படிக்கும்படி செய்கிறார். பிறகு 256 இடங்களையும் தாமே படித்து நேரம் பார்க்கிறார். 255 இடங்கள் தாமதமாக வருகின்றன. ஒன்று மட்டும் சட்டென்று வந்துவிடுகிறது. அதன் எண்தான் அந்த இரகசியம். இத்தனைக்கும் செயலி தன் கையேட்டில் உள்ளபடியேதான் நடந்துகொண்டது. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பற்றி அந்தக் கையேடு வாக்குறுதி எதுவும் தரவில்லை என்பதே சிக்கலின் வேர்.

கணக்கிட ஆகும் நேரத்தை அளந்தே இரகசியச் சாவியைக் கண்டறியலாம் என்று மறைகுறியாக்க வல்லுநர் பால் கோச்சர் 1996இலேயே காட்டினார். அதன் பிறகு எங்கள் துறையில், இரகசியத்தைப் பொறுத்து நிரல் கிளை பிரியக் கூடாது, நினைவக முகவரியும் மாறக் கூடாது என்ற ஒழுங்கு வேரூன்றியது; ஒரு வரியை எழுதிவிட்டு, தொகுப்பி (நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) அதை எந்தக் கட்டளைகளாக மாற்றியிருக்கிறது என்று இறங்கிப் பார்க்கும் அளவுக்கு நாங்கள் அதைக் கடைப்பிடிக்கிறோம். அந்த உழைப்பும் போதாது என்று 2024இல் வெளியான கோஃபெட்ச் ஆய்வு காட்டியது. ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகளில் உள்ள முன்கொணர்வி (தேவைப்படும் என்று கருதும் தரவை முன்கூட்டியே கேஷுக்குக் கொண்டுவரும் பகுதி), முகவரி போலத் தோன்றும் தரவைக் கண்டால், நிரல் கேட்காமலேயே அந்த முகவரிக்குப் போய்ப் படித்துவிடுகிறது; அந்தத் தடமும் கேஷில் பதிந்துவிடுகிறது. எம்3 சில்லில் அதை நிறுத்த, செயலியின் அமைப்பில் உள்ள ஒரு பிட் உதவுகிறது. எம்1, எம்2 சில்லுகளில் அதே பிட் அதை நிறுத்துவதில்லை.

எந்தெந்தக் கட்டளைகளின் நேரம் தரவின் மதிப்பால் மாறாது என்பதைச் செயலி நிறுவனங்கள் கையேட்டிலேயே எழுதித் தர வேண்டும். ஆர்ம், இன்டெல் இரண்டும் இதற்கெனத் தனி வசதிகளை அறிவித்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால் செயலி ஊகித்துக் கட்டளைகளைச் செய்யும்போது வெளியே தெரிபவை எவை என்பதற்கும் அத்தகைய உறுதி வேண்டும். அது கிடைக்காதவரை, ஒவ்வொரு புதுச் சில்லு வரும்போதும் எங்கள் நிரல்களின் பாதுகாப்பை ஊகித்துத்தான் சொல்ல முடியும்.

வாசகர்கள் புதுப்பிப்புகளைத் தவறாமல் நிறுவ வேண்டும்; அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்