கடலை பறிப்பவளின் பெயிண்டை எடுங்கள்: பஞ்சாயத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாலக்காடு ஜில்லா சித்தூர்த் தாலுகாவின் இந்தக் கிழக்கு மூலையில், நம் ஊர் முக்கில் நான் செய்து நிறுத்திய கடலை பறிக்கும் பெண்ணின் கல் சிலைக்கு என்ன ஆனது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செய்தது நீங்கள்தான். ஆகவே நேராகவே கேட்கிறேன்: பெயிண்டை எடுங்கள். அவளைப் பழையபடி திருப்பி வையுங்கள்.

கருங்கல்லுக்கு வர்ணம் உளியிலேயே இருக்கிறது. கூர் உளியால் கொத்திய இடம் வெளுத்துத் தெரியும். தேய்த்து மெருகேற்றிய இடம் கறுத்துவிடும். குனிந்து கடலை பறிக்கும் அந்தப் பெண்ணின் முதுகையும் சேலையையும் கொத்தியபடியே விட்டேன். கைகளுக்கும் அவள் பிடித்திருக்கும் கடலைச் செடிக்கும் மட்டும் மெருகு. ஜூன் மாத இடவப்பாதி மழையில் நனைந்தால் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். வெயில் வந்து காயும்போது முதுகு மெல்ல வெளுத்து வர, கைகள் மட்டும் கறுப்பாகவே நிற்கும். அதற்காகத்தான் வெட்டவெளியைக் கேட்டு வாங்கினேன். காலை வெயில் சாய்ந்து ஓடி ஒவ்வொரு உளிப்பாட்டையும் எழுப்பிக் காட்டட்டும் என்றுதான் முதுகைக் கிழக்கே வைத்தேன்.

இப்போது உளிப்பள்ளம் எல்லாம் எனாமலால் நிரம்பிக் கிடக்கிறது. பச்சைச் சேலை, சிவப்பு ரவிக்கை, மஞ்சள் கடலை. செல்ஃபிக்கு முகம் தெரிய வேண்டுமென்று ஜேசிபியில் சங்கிலி கட்டி ரோட்டுப் பக்கம் திருப்பியாயிற்று. மேலே தகரக் கூரை வேறு. மலைக்குள் கோடிக்கணக்கான வருஷம் கிடந்த கல்லுக்கு வெயில் ஆகாதாம்!

சிலை பஞ்சாயத்துச் சொத்து என்கிறீர்கள். சரி, சொத்து உங்களுடையதே. ஆனால் 1957ஆம் வருட பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, விற்ற பிறகும் படைப்பைச் சிதைப்பதைத் தட்டிக் கேட்கும் உரிமையைப் படைத்தவனுக்கே விட்டிருக்கிறது. டில்லி விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தன் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டார். மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்து ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொல்லி 2005இல் டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஜில்லாவிலேயே மலம்புழையில் 1969இல் யட்சி சிலையைச் செய்த சிற்பி கானாயி குஞ்ஞிராமன், தன் மற்ற சிற்பங்களும் அவற்றின் சுற்றுப்புறமும் சீர்கெட்டதற்காக 2022இல் கேரள அரசின் 'கேரள ஸ்ரீ' விருதையே வேண்டாமென்றார். எனக்கு மறுப்பதற்கு விருதும் இல்லை, கோர்ட்டுக்கு அலையத் தெம்பும் இல்லை. விழா வந்தால் கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்று மணிக்கணக்காகப் பேசுகிற குழு, பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு போன் போட்டிருக்கலாம். எனக்கு மலையாளமும் வரும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

தயவுசெய்து பெயிண்டை எடுக்க அனுமதி கொடுங்கள். பெயிண்ட் கரைக்கும் மருந்து, நைலான் பிரஷ், நிறையத் தண்ணீர், இவ்வளவுதான் வேண்டும். முதலில் பீடத்தின் ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டு மேலே போகலாம். மணலைப் பீச்சியடிக்கும் மெஷினும் கிரைண்டரும் மட்டும் வேண்டாம். பெயிண்டோடு உளிப்பாடும் போய்விடும். எனக்குக் கூலி வேண்டாம். திருப்பி வைக்கக் கிரேன் வாடகையும், பீடத்தை மட்டம் பார்க்க ஒரு கொத்தனாரும் உங்கள் செலவு. கூரையைப் பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுபோனால் ஜனங்களாவது நிழலில் நிற்பார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு தேதி சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, ஓணத்துக்கென்று இன்னொரு கோட்டிங் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அந்தச் சிலையைச் செய்தவன்