டக் வில்லியம்ஸ் அவர்களுக்கு: அந்த முதல் பதினைந்து நிமிடத்தைச் சொல்லுங்கள்

அன்புள்ள டக் வில்லியம்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் நீங்கள். ஆகவே முதல்முறையாக அந்த இறுதி ஆட்டத்துக்குப் போகிற இளைஞன் யாராவது பெரியவர் ஒருவரிடம் யோசனை கேட்க நினைத்தால், உங்கள் பெயர் மனதில் வரும். வந்து கேட்பவர்கள் நீங்கள் வென்ற 1988 சூப்பர் பவுலின் இரண்டாம் கால்பகுதியைப் பற்றித்தான் ஆசையாகக் கேட்பார்கள். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அவர்களுக்கு முதல் கால்பகுதியை, அந்த முதல் பதினைந்து நிமிடத்தைச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களில் பலருக்கு அமெரிக்கக் கால்பந்து அவ்வளவு பழக்கமில்லை. உங்களுக்கு அத்துப்படியான சிலவற்றை அவர்களுக்காக இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் தாக்கும் அணியின் பந்து ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் குவாட்டர்பேக்கின் கைக்குத்தான் வரும். வீசுவதா, பக்கத்தில் ஓடுகிறவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று வினாடிக்குள் முடிவெடுத்தாக வேண்டும், அதுவும் நூற்றிருபது கிலோ ஆட்கள் மேலே வந்து விழுவதற்குள். கிரிக்கெட்டில் தப்பான அடி அடித்து அவுட்டான மட்டையாளர் பெவிலியனுக்குப் போய்த் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். குவாட்டர்பேக்குக்கு அந்த வசதி கிடையாது. பந்தை எதிராளிக்குத் தாரை வார்த்துவிட்டு வந்தாலும் சில நிமிடங்களில் திரும்ப அதே இடத்தில் போய் நிற்க வேண்டும். பத்துப் பேர் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். ஜெயித்தவர்கள் சொல்லும் கதைகளில் அந்தச் சில நிமிடங்கள்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன.

உங்கள் கதையில் அது நிறையவே இருக்கிறது. 1988 ஜனவரி 31, சான் டியேகோ. முந்தைய நாள் பல்லுக்கு ரூட் கேனல் செய்துகொண்டு வந்திருந்தீர்கள். உங்கள் அணி வாஷிங்டன். எதிரணி டென்வர் பிராங்கோஸ், அவர்களுடைய குவாட்டர்பேக் ஜான் எல்வே. டென்வரின் கைக்குப் பந்து வந்த முதல் முறையே எல்வே 56 யார்டு வீசி டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எடுத்துவிட்டார். அப்புறம் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து ஒரு ஃபீல்டு கோல். 10-0. சூப்பர் பவுலில் பத்துப் புள்ளி பின்தங்கிய எந்த அணியும் அதுவரை மீண்டு வந்து ஜெயித்ததில்லை. அடுத்த கிக் ஆஃபைப் பிடித்துக்கொண்டு ஓடிய உங்கள் ரிக்கி சாண்டர்ஸ் பந்தை நழுவவிட்டார். உங்கள் அணிக்காரர் ஒருவர் அதன் மேல் விழுந்து அமுக்கியதால் வாஷிங்டன் பிழைத்தது. கால்பகுதி முடியப் போகும் நேரத்தில், வீசுவதற்காகப் பின்வாங்கியபோது கால் சறுக்கி, முழங்கால் பிசகி, நீங்களே தரையில் கிடந்தீர்கள். நொண்டிக்கொண்டு வெளியே போனீர்கள். உங்களுக்கு முன் அந்த இடத்தில் ஆடிக்கொண்டிருந்த ஜே ஷ்ரோடர் இறங்கினார்.

இந்தப் பதினைந்து நிமிடத்தில் உங்களுக்குச் சாதகமாக எதுவுமே நடக்கவில்லை. ஆட்டத்தின் பதிவை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தப் பகுதிக்காகத்தான்.

அதன் பிறகு நடந்ததை எல்லோரும் அறிவார்கள். இரண்டாம் கால்பகுதி தொடங்கியதும் நீங்கள் திரும்பி வந்தீர்கள். வாஷிங்டன் அந்தக் கால்பகுதியில் ஆடியது வெறும் 18 முறை. அதற்குள் 356 யார்டு, ஐந்து டச்டவுன், 35 புள்ளி. ஐந்தில் நான்கு உங்கள் கையிலிருந்து போனவை. முடிவில் 42-10, ஆட்ட நாயகன் விருது உங்களுக்கு.

அந்த நான்கில் முதலாவதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இளைஞனுக்கு வேண்டியது அதில் இருக்கிறது. அப்போது திட்டமிட்டது பெரிய உத்தி ஒன்றுமில்லை. சாண்டர்ஸ் ஏழு யார்டு ஓடித் திரும்பி நின்று பந்தை வாங்கும் சாதாரண உத்தி. ஆனால் அவரைத் தடுக்க நிற்கும் எதிரணிக்காரர் நெருக்கி வந்து நின்றால் அதை மாற்றி நேராக ஓடிவிட வேண்டும் என்பது பயிற்சியிலேயே பேசி வைத்த ஏற்பாடு. டென்வரின் மார்க் ஹேன்ஸ் நெருங்கி வந்து நின்றார். சாண்டர்ஸைத் தள்ளப் பார்த்தார், பிடி சரியாகக் கிடைக்கவில்லை. சாண்டர்ஸ் பறந்தார். பிசகிய முழங்காலோடு நீங்கள் தூக்கி வீசினீர்கள். 80 யார்டு. பத்துப் புள்ளி பின்தங்கிய பதற்றத்தில் புதிதாக எதையும் நீங்கள் கண்டுபிடிக்கப் போகவில்லை. வாரக்கணக்கில் பழகி வைத்ததை, சற்று முன்பு பந்தை நழுவவிட்ட அதே ஆளை நம்பிச் செய்தீர்கள். எனக்கு அந்த 80 யார்டைவிட இந்த நம்பிக்கைதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்த ஆட்டத்துக்கு நீங்கள் வந்து சேர்ந்த வழியும் அப்படித்தான். 1987 லீக் பருவத்தில் நீங்கள் தொடக்கத்திலிருந்து ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் வாஷிங்டன் தோற்றது. மற்ற நேரமெல்லாம் ஷ்ரோடருக்கு மாற்றாகப் பாதியில் இறங்கி ஆட்டத்தைக் காப்பாற்றுவதே உங்கள் வேலை. சூப்பர் பவுலுக்கு முந்தைய மினசோட்டா ஆட்டத்தில் நீங்கள் வீசிய 26 பந்துகளில் 9 மட்டும்தான் உரியவர்களிடம் சேர்ந்தன. அந்த ஒன்பதில் இரண்டு டச்டவுன் ஆனதால் 17-10 என்று ஜெயித்தீர்கள். அதற்கும் முன்னால் டாம்பா பேயில் நான்கு பருவங்களில் மூன்று முறை அணியைப் பிளேஆஃப் (நாக்-அவுட் சுற்று) வரை கொண்டுபோன உங்களுக்கு, சில அணிகளின் மாற்று ஆட்டக்காரர்களை விடக் குறைவான சம்பளம்: 1,20,000 டாலர். நியாயமாகக் கேட்டீர்கள், கொடுக்கவில்லை, வெளியேறினீர்கள். 1983-இல் மனைவியை மூளைக் கட்டி கொண்டுபோயிற்று, கைக்குழந்தையோடு நின்றீர்கள். இவ்வளவையும் கடந்து வந்த ஒருவருக்கு 10-0 எப்படித் தெரிந்திருக்கும்? சின்னதாகத் தெரிந்ததா, அன்றைக்கு அதுவும் மலையாகத்தான் தெரிந்ததா? இதை நீங்கள் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

உங்களுக்கு முன்னால் நடந்தவரையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. நீங்கள் படித்த கிராம்பிளிங் கல்லூரியில் அதே பயிற்சியாளர் எடி ராபின்சனிடம் உங்களுக்கு முன்பே பயின்றவர், எல்லோரும் 'ஷாக்' என்று கூப்பிடும் ஜேம்ஸ் ஹாரிஸ். கறுப்பினப் பையன்கள் குவாட்டர்பேக்காக வந்தால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவது அன்றைய வழக்கம். 1968-இல் டென்வருக்குக் குவாட்டர்பேக்காக ஆடிய மார்லின் பிரிஸ்கோவே அடுத்த ஆண்டு பஃபலோவில் பந்து பிடிக்கும் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதே பஃபலோவில் அதே 1969-இல், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே குவாட்டர்பேக்காக இறங்கினார் ஹாரிஸ். அவருக்கு முன் எந்தக் கறுப்பினக் குவாட்டர்பேக்குக்கும் அது வாய்க்கவில்லை. 1974-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியோடு பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில் ஜெயித்தார், அதிலும் அவரே முதல்வர். அடுத்தது மினசோட்டாவில், சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே. எல்லைக் கோட்டுக்கு ஓரடிகூட இல்லாத தூரம் வரை ராம்ஸ் போய்விட்டார்கள். ஒரு ராம்ஸ் வீரர் முன்கூட்டியே அசைந்துவிட்டதாக நடுவர் கொடி வீசியதில் ஐந்து யார்டு பின்னால் போயிற்று. பிறகு ஹாரிஸ் வீசிய பந்து தட்டுப்பட்டு எதிராளி கைக்குப் போனது. 14-10 தோல்வி. அந்த நடுவர் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

ஹாரிஸ் ஆட்டக்காரராகச் சூப்பர் பவுல் மைதானத்தை மிதிக்கவே இல்லை. ஆனாலும் உங்கள் தலைமுறைக் கறுப்பினக் குவாட்டர்பேக்குகளுக்கு அவர் மூத்த அண்ணன் மாதிரி. நீங்கள் இருவரும் சேர்ந்து 2009-இல் கறுப்பினக் கல்லூரிக் கால்பந்து புகழ் மன்றத்தைத் தொடங்கியபோது, அது எவ்வளவு நாளைய நட்பு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கோப்பை வென்றவர் மட்டும்தான் அறிவுரை சொல்லலாம் என்றால் ஹாரிஸுக்கு வாய் திறக்க உரிமையில்லை என்று ஆகிவிடும். ஓரடித் தூரத்தில் எல்லாம் போய், அடுத்த பருவமும் தலை நிமிர்ந்து ஆட வந்தவரிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது.

2023 பிப்ரவரியில் இரு பக்கமும் கறுப்பினக் குவாட்டர்பேக்குகள் ஆடிய முதல் சூப்பர் பவுல் நடந்தது: கான்சாஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ், ஃபிலடெல்ஃபியாவின் ஜேலன் ஹர்ட்ஸ். இரண்டாம் கால்பகுதியில் யாரும் தொடாமலேயே ஹர்ட்ஸ் கையிலிருந்து பந்து நழுவியது. எதிரணியின் நிக் போல்ட்டன் அதை எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் ஆக்கினார், 14-14. அந்த இடத்தில் இளைஞர்கள் பலர் உடைந்திருப்பார்கள். ஹர்ட்ஸ் அடுத்த முறை பந்து கிடைத்ததும் அணியைக் கொண்டுபோய்த் தானே ஓடி டச்டவுன் எடுத்தார். அன்று 38-35 என்று தோற்றார், உண்மைதான். இரண்டு ஆண்டு கழித்து அதே கான்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்று ஆட்ட நாயகன் ஆனார். 2023-இல் பந்து நழுவிய பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்கள் அவருக்கு எப்படிப் போயின என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆவல்.

ஆகவே அடுத்த முறை ஒரு பையன் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் உங்களைக் கூப்பிட்டால், அந்த 35 புள்ளிகளைச் சொல்ல வேண்டாம், அவன் பதிவில் பார்த்திருப்பான். தரையில் கிடந்தபோது முதலில் மனதில் என்ன வந்தது? ஷ்ரோடர் உள்ளே போவதை ஓரத்தில் நின்று பார்த்தபோது எப்படி இருந்தது? முழங்கால் தாங்கும் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? பந்தை நழுவவிட்டு வந்த சாண்டர்ஸிடம் என்ன சொன்னீர்கள், இல்லை ஒன்றுமே சொல்லவில்லையா? பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள். முடிந்ததும் ஷாக்கின் தொலைபேசி எண்ணையும் அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

மிகுந்த மரியாதையுடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு ரசிகன்