குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வாட்ஸ்அப்பில் படிக்கப்போகும் உறுப்பினர்களே, வணக்கம்.

சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டிலும் கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். மழைக்கு முன் வடிகால் தூர்வாரப்பட்டது. குறுக்குத் தெரு விளக்குகள் எரிகின்றன. பொங்கல் கோலப்போட்டி வழக்கம்போல் நடந்தது. பரிசு பற்றிய மனத்தாங்கலும் வழக்கம்போல்தான்.

அடுத்து, இரண்டாம் ஞாயிறு மாலைகளில் நடந்த பெற்றோர் கூட்டம். ‘சங்கம் சாக்கடையைப் பார்த்தால் போதாதா, வயசுப் பிள்ளைகள் விஷயம் நமக்கெதற்கு?’ என்று செயற்குழுவிலேயே கேட்டதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் கூட்டத்தில் நம் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ரத்தசோகை பற்றிப் பேசினார். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சொன்னதும் ஓர் அம்மா எழுந்து, “அந்த நீல மாத்திரையா சிஸ்டர்? என் பொண்ணு பெஞ்சுக்கு அடியில போட்டுட்டு வந்துடறா” என்றார். ஒருமுறை வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியதாம், அடுத்த முறை மலம் கறுத்ததைப் பார்த்துப் பயந்துவிட்டாளாம். சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும், கறுப்பாகப் போவது இயல்பு, கூடவே டீ, காபி வேண்டாம், எலுமிச்சை, நெல்லி நல்லது என்று சிஸ்டர் விளக்கினார். இதை அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லவில்லை. கூட்டம் எதற்கு என்பவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

ஸ்கூட்டர் கூட்டத்தில்தான் சத்தம். பத்தாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேராக டியூஷனுக்குப் போவதை எல்லோரும் பார்க்கிறோம். 16 வயதில் 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ். வீட்டில் நிற்கும் ஸ்கூட்டருக்கு 18 ஆக வேண்டும். 2019 திருத்தச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவும் 12 மாதம் ரத்து. “அவசரத்துக்குக் கடைக்குப் போகத்தானே சார்” என்றார் ஒருவர். அவர் பையன் அப்போது வண்டியோடு வாசலில் நின்றான்.

மே மாதத் தேர்வு முடிவுகளுக்கு முன், 24 மணி நேரமும் பேசக்கூடிய அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களைத் தகவல் பலகையில் ஒட்டினேன். மதிப்பெண் குறைந்த அன்று பிள்ளையைத் தனியே விடாதீர்கள், துணைத்தேர்வு இருக்கிறது என்றும் எழுதியிருந்தேன். மறுநாளே அதன்மேல் ‘வீடு வாடகைக்கு’ ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் யாரென்று தெரியும், சொல்லவில்லை.

வருத்தம் ஒன்றுண்டு. வந்தவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். அப்பாக்கள் மனைவியை இறக்கிவிட்டு, “கேட்டுட்டு வந்து சொல்லு” என்று டீக்கடையில் நின்றார்கள். ராத்திரி ஒரு மணி வரை போன் பார்க்கிறான் என்று புகார் சொல்லும் வீட்டில், அப்பா கையில் போன் எத்தனை மணிவரை இருக்கிறது என்று கேட்க நினைத்தோம். கேட்க ஆள் இல்லை. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதையாவது வீட்டில் சொல்லியிருப்பார்கள் என நம்புகிறேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகிவிட்டன, இருப்பு சற்றுக் குறைவு. கூட்டங்களில் கொடுத்த சுண்டலால்தான் குறைந்தது என்ற பேச்சு சரியல்ல. சில மாதங்கள் சுண்டல் என் வீட்டிலிருந்தே வந்தது. குறைந்தது சந்தாவால்தான். மூன்று ஆண்டு நிலுவை வைத்திருப்போரும் உண்டு. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டதால் வாசிக்கவில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், இடம் தந்த கோயில் நிர்வாகத்தினருக்கும், நாற்காலி தந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புப் பயிற்சியும், ஆன்லைன் விளையாட்டில் பணம் போவது பற்றி ஒரு கூட்டமும் எண்ணத்தில் உள்ளன. பயிற்சியாளருக்குப் போக்குவரத்துச் செலவாவது தர வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றாலும் மகிழ்ச்சிதான். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. வாசல் மேஜையில் ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் இருப்பார். சாப்பாட்டுப் பந்திக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

செயலாளர்