கண் திறக்கிறது முதலிலா, மன்னிப்பு முதலிலா

அன்புள்ள கிரேஸ்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை, சின்னவன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான். வீட்டுப் பங்கு விஷயத்தில் உன் அண்ணன் நடந்துகொண்ட விதத்தைப் படித்தபோது எனக்கே வயிறு எரிந்தது. ஆனால் கடைசியில் "அவன் முதலில் தப்பை உணரட்டும், அப்புறம் மன்னிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

இந்த லெந்து நாட்களில், அதாவது தவக்காலத்தில், வேதத்தில் அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். இயேசுவின் சீஷர்களைத் துன்பப்படுத்திக்கொண்டிருந்த சவுல் மனம் மாறுகிற கதை அது. நாம் எப்போதும் சவுல் பக்கம் நின்றே அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். வானத்திலிருந்து வந்த ஒளி, அந்தச் சத்தம், மூன்று நாள் பார்வையில்லாமல் கிடந்தது. நீ ஒரு தடவை, அவனிடம் போகும்படி கர்த்தர் அனுப்பிய சீஷரான அனனியா பக்கம் நின்று பார். தன்னைப் போன்ற விசுவாசிகளைக் கட்டிக்கொண்டுபோக அதிகாரம் வாங்கி வந்திருப்பவன் சவுல், எருசலேமில் அவன் செய்த கொடுமையெல்லாம் அனனியாவுக்குத் தெரியும், கர்த்தரிடமே அதைச் சொல்லித் தயங்குகிறார். அப்புறமும் நேர்த்தெருவிலிருந்த அந்த வீட்டுக்குள் போய், அவன்மேல் கையை வைத்து, வாயைத் திறந்ததும் சொன்னது "சகோதரனாகிய சவுலே" என்பதுதான். சவுலின் கண்களிலிருந்து செதிள்கள் விழுந்து பார்வை வந்தது அதற்குப் பிறகு. சவுல் ஜெபம்பண்ணிக்கொண்டிருந்தான் என்று கர்த்தர் சொல்லி அனுப்பினார், அது சரி. ஆனால் அனனியாவிடம் அவன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. விசுவாசத்துக்காக ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, எறிந்தவர்களின் வஸ்திரங்களைக் காத்துக்கொண்டு நின்றவனும் இவனேதான், "இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்" என்று சாகும்போது ஸ்தேவான் செய்த ஜெபம் அவனுக்காகவும் சேர்த்துத்தான், அவன் ஒன்றும் உணராமல் நின்ற நேரத்திலேயே ஏறெடுக்கப்பட்டது.

கண் தெரியாதவன் என்றால் தப்பு செய்தவனைத்தான் நினைக்கிறோம், இல்லையா? யோவான் தன் முதல் நிருபத்தில் அப்படி எழுதவில்லை. சகோதரனைப் பகைக்கிறவனுடைய கண்களைத்தான் இருள் குருடாக்குகிறது என்கிறார். நியாயம் யார் பக்கம் என்ற கேள்வியே அங்கே இல்லை. உன் பக்கம் நியாயம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இருந்தும் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போகமாட்டேன் என்கிறாயே, அந்தப் பிள்ளை உனக்கு என்ன செய்தாள்? அத்தை அத்தை என்று உன் மடியிலேயே கிடந்து வளர்ந்தவள். அவள் இப்போது உன் கண்ணுக்குத் தெரியவில்லையே, கிரேஸ், எனக்கு அதுதான் பயமாயிருக்கிறது.

மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவை நினைத்துப் பார். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கணவரையும் 10 வயது பிலிப்பையும் 6 வயது திமோத்தியையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது 2003இல். அந்த அம்மா அதுவரை காத்திருக்கவில்லை, ஆரம்பத்திலேயே மன்னித்துவிட்டதாகச் சொன்னார்கள். மகள் எஸ்தரோடு அதே ஒடிசாவில், தாங்கள் வாழ்ந்த பாரிபதாவிலேயே இருந்து தொழுநோயாளிகளுக்கான வேலையைத் தொடர்ந்தார்கள். அதே நேரத்தில் சட்டம் தன் வேலையைச் செய்வதை அவர்கள் தடுக்கவும் இல்லை. தன் மன்னிப்பு வேறு, சட்டத்தின் தண்டனை வேறு என்பதில் தெளிவாக இருந்தார்கள். மன்னித்தால் நடந்ததெல்லாம் சரி என்று ஆகிவிடுமே என்று நீ கேட்டதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

அதனால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு என்று நான் சொல்லமாட்டேன். வக்கீலைப் பார், உன் பங்கைக் கேள், கேஸ் நடக்கிறபடி நடக்கட்டும். ஆனால் அண்ணன் உணர்ந்து வந்து நிற்கிற நாளுக்காக உன் மனதைப் பூட்டி வைக்காதே. அவர் வராமலே போகலாம்.

நிச்சயதார்த்தம் என்றைக்கு என்று உடனே எழுது. நானும் வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். உள்ளே போனதும் நீ "அண்ணா" என்று கூப்பிட்டால் போதும், மற்றப் பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஜெசி